15 வருஷத்துக்கு ஒரு தடவை: மொபெட்டும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

ராஜபாளையத்துல இருந்து திருவில்லிபுத்தூருக்கு காலையில எட்டு மணி வாக்குல பஸ்ஸுல வந்திருக்கீங்களா? ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்க. காரை விட, ஆட்டோவை விட, ஏன் சைக்கிளை விடவும் அதிகமா கண்ணுல படுறது ஒரு சின்ன வண்டிதான். முன்னாடி ஒரு மூட்டை, பின்னாடி ரெண்டு பால் கேன், நடுவுல மடிச்சுக் கட்டின வேட்டியோட ஒரு மனுஷர். மில்லுக்குப் போற ஆள், கட்டுத்துணி தறிக்குப் போற ஆள், மாந்தோப்புக்குப் போற ஆள், பால்கோவா கடைக்குப் பால் ஊத்தற ஆள் எல்லாருக்கும் அதே வண்டிதான். நம்மூர்ல அதுக்கு ஒரே பேர்: "டிவிஎஸ்". எந்தக் கம்பெனி மொபெட்டா இருந்தாலும் டிவிஎஸ்தான் :-)

எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. அதே ரோட்டுல போற லாரிக்கும் பஸ்ஸுக்கும் எஃப்.சி. காட்டணும். வண்டிக்கு 8 வயசு ஆகிற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். ஆனா இந்த மொபெட்டை? வாங்கின அன்னிக்கு ஒரு தடவை பார்ப்பாங்க. அப்புறம் 15 வருஷம் கழிச்சு. நடுவுல சர்க்கார் சார்பா ஒருத்தர்கூட அதோட பிரேக்கை அமுக்கிப் பார்க்க மாட்டார். ஏன் இப்படி? இந்த ஏற்பாடு எங்கே இருந்து வந்துச்சு? அதைத் தேடிப் படிச்சதுல கிடைச்சதைத்தான் இந்தப் பதிவுல எழுதறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

சட்டம் யாரைப் பார்த்து பயந்துச்சு?

இந்தியா முழுசுக்கும் பொதுவா ஒரு மோட்டார் சட்டம் வந்தது 1914ல். அப்போ மோட்டார்னாலே ஜமீன்தார், கலெக்டர், வெள்ளைக்கார துரை. வண்டி எண்ணிக்கையே கொஞ்சம். அதே காலகட்டத்துலதான் மதுரையில 1911ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தன்னோட தொழிலை ஆரம்பிச்சார். பஸ்ஸு வந்தப்புறம்தான் சர்க்காருக்கு உண்மையான கவலை வந்துச்சு. சொந்தக் கார் ஒண்ணு பிரேக் பிடிக்காம போனா உள்ளே இருக்கிற நாலு பேரோட போச்சு. காசு குடுத்து ஏறின முப்பது பேரோட பஸ் ஓடைக்குள்ள போனா? 

அதனால 1939ல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் ரெண்டு ஜாதியா பிரிச்சுச்சு. வாடகைக்கு ஆள் ஏத்துற, சரக்கு ஏத்துற வண்டி ஒரு ஜாதி. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற வண்டி இன்னொரு ஜாதி. முதல் ஜாதிக்குத்தான் தகுதிச் சான்று, அதாவது நம்ம எஃப்.சி. ரெண்டாவது ஜாதிக்கு ரிஜிஸ்திரேஷன் போதும். சொந்தமா வண்டி வச்சிருக்கிறவன் பணக்காரன், டிரைவர் வச்சிருப்பான், அவனே நல்லா பராமரிச்சுக்குவான்னு ஒரு நம்பிக்கை.

1939ல் அது நியாயம்தான். ஒரு மில் தொழிலாளி சொந்தமா இஞ்சின் வச்ச வண்டியில போவான், அதுல ஒரு மூட்டையையும் பொண்டாட்டியையும் ரெண்டு பிள்ளைகளையும் ஏத்திக்குவான்னு அன்னிக்கு சட்டம் எழுதினவங்க யாரும் கனவுகூட கண்டிருக்க மாட்டாங்க.

மொபெட் வந்த கதை

மொபெட் நம்ம நாட்டுல பரவலா தெரிய ஆரம்பிச்சது 1972ல் கைனெடிக் கம்பெனி லூனா கொண்டு வந்தப்போ. நம்ம தெக்கத்திப் பக்கம் கதையையே மாத்தினது 1980ல் ஓசூர்ல இருந்து வந்த டிவிஎஸ் 50. இந்தியாவோட முதல் ரெண்டு பேர் உட்கார்ற மொபெட் அதுதான். 50 சிசி, டூ ஸ்ட்ரோக், கியர் கிடையாது, பெடல் உண்டு. இஞ்சின் மக்கர் பண்ணினா சைக்கிள் மாதிரி மிதிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துடலாம்.

"ரெண்டு பேர்" அப்படிங்கிறதுதான் இதுல விசேஷமே. ஒருத்தர் மட்டும் போற வண்டின்னா அது இஞ்சின் வச்ச சைக்கிள். பின்னாடி சீட் வந்துட்டா அது குடும்ப வண்டி. சீட்டு இருக்கிற இடத்துல மூட்டை வைக்கலாம்னா அது சரக்கு வண்டி. 

ராஜபாளையம் மாதிரி ஊருக்கு இது எப்படிப் பொருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936ல் ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து அது நூல் மில் ஊர். மில்லுன்னா ஷிப்டு. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்றவனுக்கு பஸ் கிடையாது. சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து சைக்கிள் மிதிச்சு வந்தவங்க கொஞ்சம் காசு சேர்த்ததும் வாங்கின முதல் இஞ்சின் இதுதான். அப்புறம் காய்கறி, கோழி, பால், துணி பேல், சிமெண்ட் மூட்டை.. அந்த வண்டி எதை சுமக்கலைன்னு கேளுங்க.

ஆக, பேப்பர்ல "சொந்த உபயோகம்". நடைமுறையில குட்டி லாரி. 1939ல் சட்டம் போட்ட கோடு, நம்ம மொபெட் ஓட்டுற ஆளுக்கு நடுவுலயே போச்சு. எந்தப் பக்கம்னு யாரும் கேட்கலை.

1989 ஜூலை 1

இப்போ இருக்கிற மோட்டார் வாகனச் சட்டம் 1988ல் நிறைவேறி, 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்துச்சு. மத்திய மோட்டார் வாகன விதிகளும் அதே நாள். அந்தச் சட்டத்தோட 41வது பிரிவுலதான் நம்ம விஷயம் இருக்கு. சொந்த வண்டியோட ரிஜிஸ்திரேஷன் 15 வருஷத்துக்குத்தான் செல்லும். சட்டம் வர்றதுக்கு முன்னாடி பதிவான வண்டிக்கும் இதேதான். அதுக்கப்புறம் வேணும்னா 5 வருஷம் 5 வருஷமா புதுப்பிச்சுக்கலாம். புதுப்பிக்கிறப்போ 56வது பிரிவு, அதாவது தகுதிச் சான்று பத்தின பிரிவு, உள்ளே வருது. 

கவனிச்சீங்களா? அரை நூற்றாண்டுக்கு அப்புறம் எஃப்.சி. சமாச்சாரம் சொந்த வண்டிக்கும் வந்துடுச்சு. ஆனா வாசல் வழியா வரலை. கொல்லைப்புறமா, 15 வருஷத்துக்கு ஒரு தடவை, ஆர்.சி. புதுப்பிக்கிற சாக்குல வந்துச்சு. கணக்குப் போட்டா 1980ல் வாங்கின முதல் செட் டிவிஎஸ் 50 எல்லாம் 1995ல் ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்துல போய் நிக்கணும்.

படிவம் 25, காலாவதி ஆகறதுக்கு 60 நாளைக்கு முன்னாடி இருந்து குடுக்கலாம். பசுமை வரி கட்டணும். வண்டியை நேர்ல காட்டணும். பார்க்கிறவர் பதவி மோட்டார் வாகன ஆய்வாளர். ஆனா நம்மூர்ல அவருக்கு வேற பேரு: பிரேக் இன்ஸ்பெக்டர். இந்தப் பேரு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சர்க்கார் வச்ச பேரை விட ஜனங்க வச்ச பேருதான் சரியா இருக்கு. அவர்கிட்ட ஜனங்க எதிர்பார்க்கிற வேலை என்னன்னு அந்தப் பேரே சொல்லிடுது.

மைதானத்துல என்ன மாட்டும்?

சரி, 15 வருஷம் மூட்டை சுமந்த மொபெட்டுல என்னவெல்லாம் குறை இருக்கும்? எங்க தெரு முக்குல இருந்த பட்டறையில நான் ஸ்கூல் லீவுல உட்கார்ந்து பொழுது போக்கின ஆளு. ஆர்.சி. ரின்யூவலுக்குன்னு ரெடி பண்ண வர்ற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் மனசுலயே இருக்கு. எந்தக் கம்பெனிக்கும் பொதுவான, வயசானா வர்ற வியாதிகள்தான் இது.

1. சேசிஸ் நம்பர். கேட்டா சிரிப்பீங்க, ஆனா இதுதான் முதல் தலைவலி. பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு நம்பரை எடுக்கணும். 15 வருஷ மழை, சேறு, உரமூட்டைன்னா உப்பு வேற. நம்பர் இருக்கிற இடம் துருப்பிடிச்சு பாதி எழுத்து காணாமப் போயிருக்கும். வண்டி நல்லா ஓடும், ஆனா அது எந்த வண்டின்னு நிரூபிக்க முடியாது. 

2. லைட், ஹாரன். அந்தக் கால மொபெட்டுல பேட்டரி கிடையாது. மேக்னெட்டுக்குள்ள ஒரு லைட்டிங் காயில், அதுல இருந்து நேரா பல்புக்கு. இஞ்சின் வேகமா சுத்துனா வெளிச்சம், மெதுவா சுத்துனா மினுக்கட்டாம் பூச்சி. சந்துல மெதுவா திரும்பும்போதுதான் வெளிச்சம் வேணும், அப்போதான் அது அணையும். முழு வேகத்துல போனா பல்பு பியூஸ். பின்னாடி சிவப்பு லைட் எரியலைன்னா ஓட்டுறவருக்கே தெரியாது, ஏன்னா அவர் பார்க்கிறதே இல்லை. பின்னாடி வர்ற லாரிக்காரருக்குத்தான் தெரியும், அதுவும் கடைசி நிமிஷத்துல.

3. பிரேக். முன்னாடியும் பின்னாடியும் டிரம். உள்ளே ரெண்டு ஷூ, கேபிள் இழுத்தா விரிஞ்சு டிரம்மை உரசும். ஷூ தேய தேய, நட்டை ரெண்டு சுத்து திருகி டைட் பண்ணிக்குவாங்க. திருகித் திருகி ஒரு கட்டத்துல திருக இடமே இருக்காது. அப்போ பிரேக் பிடிக்கிற மாதிரி இருக்கும், ஆனா நிக்காது. கேபிள் சமாச்சாரம் இன்னும் மோசம். வெளியே அவுட்டர் நல்லா பளபளன்னு இருக்கும். உள்ளே கம்பி ஒவ்வொரு இழையா அறுந்துக்கிட்டே வரும், அதுவும் லிவர்ல மாட்டுற முனைகிட்ட.

4. கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், ஸ்போக்ஸ். ஹேண்டில் பார் திரும்புற இடத்துல இருக்கிற பால்ஸும் கோனும் குண்டும் குழியுமான ரோட்டுல அடிவாங்கி பள்ளம் விழுந்துடும். நேரா போகும்போது ஹேண்டில் ஒரு இடத்துல "டக்"குன்னு உட்காரும். ஸ்விங் ஆர்ம் புஷ் போச்சுன்னா பின் சக்கரம் தனியா டான்ஸ் ஆடும். மூட்டை வண்டியில ஸ்போக்ஸ் தளர்றது சர்வ சாதாரணம், ரிம்முக்கு கோட்டம் எடுக்கலைன்னா பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

5. புகை. டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு பெட்ரோல்லயே 2டி ஆயில் கலந்து ஊத்தணும். அளவா கலந்தா சரி. "இஞ்சினுக்கு நல்லது"ன்னு இன்னும் ரெண்டு மூடி சேர்த்து ஊத்துறவங்கதான் அதிகம். அது முழுசா எரியாம சைலன்சர்லயும் எக்ஸாஸ்ட் வழியிலயும் கரியா படியும். இழுவை குறையும். ஹெட்டைக் கழட்டி கரியைச் சுரண்டி, சைலன்சரைத் தீயில போட்டு எரிச்சு எடுத்தா வண்டி திரும்ப வாலிபம். 

6. இருக்க வேண்டியது இல்லாம இருக்கிறது. சைடு கண்ணாடி, பின் ரிஃப்ளெக்டர், சேலை கார்டு. பின்னாடி உட்கார்றவங்களுக்குப் பிடிமானம், கால் வைக்கிற இடம், பின் சக்கரத்துல பாதியையாவது மறைக்கிற தடுப்பு இது மூணும் இருக்கணும்னு மத்திய விதிகள்ல 123வது விதி சொல்லுது. சேலை, தாவணி சக்கரத்துல சுத்திக்கிட்டு நடக்கிற விபத்து நம்ம பக்கம் எவ்வளவு சாதாரணம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா மூட்டை கட்ட இடைஞ்சல்னு முதல்ல கழட்டி பரண்ல போடறது அந்தத் தடுப்பைத்தான்.

பட்டறை ஆணியில ஒரு ஜோடி சைடு கண்ணாடி தொங்கிக்கிட்டே இருக்கும். ஆர்.சி. காட்டப் போற வண்டிக்கு எல்லாம் அதே ஜோடி. காலையில மாட்டி அனுப்புவாங்க, மதியம் திரும்பி வந்துடும். அந்தக் கண்ணாடி பார்த்த அளவுக்கு ஆர்டிஓ ஆபீஸை அந்த ஊர்ல எந்த மனுஷனும் பார்த்திருக்க மாட்டான் :-)

ரெண்டு இழை

இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னாலும், சிரிக்க முடியாத ஒரு விஷயமும் எங்க வீட்லயே நடந்துச்சு. அப்பாவோட மொபெட், 1994ல் வாங்கினது, டிஎன் 67ல் ஆரம்பிக்கிற நம்பர். (திருவில்லிபுத்தூருக்குத் தனியா டிஎன் 84 வந்ததெல்லாம் பின்னாடி.) மில்லுக்கும் வீட்டுக்கும் அதுலதான் போயிட்டு வந்தார். 2009ல் 15 வருஷம் முடிஞ்சுது. லைட்டு, ஹாரன், கண்ணாடி எல்லாம் சரி பண்ணி எடுத்துட்டுப் போனோம். 

பார்த்த ஆய்வாளர் வண்டியைச் சுத்தி வந்தார். முன் பிரேக் லிவரை ஒரு தடவை அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். அப்புறம் லிவர்கிட்ட இருந்த ரப்பரை விலக்கிக் காட்டினார். கேபிள்ல மிச்சம் இருந்தது ரெண்டே இழை. "பெரியவரே, இதை மாத்திட்டு நாளைக்கு வாங்க"ன்னார். அவ்வளவுதான். சத்தம் போடலை, எதுவும் கேட்கலை.

கேபிள் விலை அன்னிக்கு ரெண்டு டீ, ரெண்டு வடை காசை விடக் கொஞ்சம் அதிகம். மாத்த பத்து நிமிஷம். ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தா உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. அப்பா தினமும் ராத்திரி ஷிப்டு முடிஞ்சு தூக்கக் கலக்கத்துல அந்த ரெண்டு இழையை நம்பித்தான் வந்திருக்கார். 15 வருஷத்துல முதல் தடவையா, அந்த வண்டியால லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு வெளியாள், அந்தக் கேபிளைப் பார்த்தார். அன்னிக்கு ரின்யூவல் தேதி வராம இருந்திருந்தா?

பரிசோதனைங்கிறதோட அர்த்தமே இதுதான்னு எனக்கு அன்னிக்குப் புரிஞ்சுது. நம்ம வண்டி நமக்குப் பழகிடும். பிரேக் தினமும் ஒரு மில்லிமீட்டர் மோசமாகும்போது நம்ம கையும் தினமும் ஒரு மில்லிமீட்டர் அதிகமா அமுக்கப் பழகிடும். பழகாத கைக்குத்தான் குறை தெரியும்.

ஆறு மாசமும் பதினைஞ்சு வருஷமும்

"ஏன், புகைப் பரிசோதனை இருக்கே?"ன்னு கேட்பீங்க. இருக்கு. 1989 விதிகள்ல 115வது விதி. பெட்ரோல் ரெண்டு சக்கர வண்டி நின்னுக்கிட்டு ஓடும்போது புகையில கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்சாங்க. 2004ல் இதை இறுக்கினாங்க. 2000 மார்ச்சுக்கு அப்புறம் தயாரான வண்டின்னா 3.5 சதவீதம், அதோட எரியாத ஹைட்ரோகார்பனுக்கும் அளவு: டூ ஸ்ட்ரோக்குக்கு 6000 பிபிஎம், ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 4500. பழைய வண்டிக்கு 4.5 சதவீதம், 9000 பிபிஎம். 

பழைய மொபெட்டுக்கு இந்தச் சான்று 6 மாசம்தான் செல்லும். பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிக்கு ஒரு வருஷம். 

இப்போ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. வண்டி விடற மூச்சை 6 மாசத்துக்கு ஒரு தடவை சோதிக்கிறோம். வண்டி நிக்குமான்னு 15 வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்கிறோம். முப்பது புகைச் சான்றுக்கு ஒரு பிரேக் பார்வை!

புகையைக் கட்டுப்படுத்தினது தப்புன்னு சொல்லலை. அது ஜெயிச்ச கதை. 1991ல் முதல் விதி, 1996, 2000, 2005, 2010, 2017, 2020ன்னு ஒவ்வொரு படியா இறுக்கினதுலதான் டூ ஸ்ட்ரோக் இஞ்சினே போச்சு. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்கா 2015ல் வந்தது. ஆனா இது எல்லாமே ஃபேக்டரியில நடந்த மாற்றம். புது வண்டி சுத்தமாச்சு. பாதுகாப்புலயும் அப்படித்தான்: 2017 ஏப்ரல்ல இருந்து புது ரெண்டு சக்கர வண்டியில ஹெட்லைட் எப்பவும் எரியும், 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசி வரைக்கும் உள்ள புது வண்டியில ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடாவது இருக்கணும், அதுக்கு மேலன்னா ஏபிஎஸ். எல்லாம் பிறக்கும்போது போடற தடுப்பூசி. வளர்ந்தப்புறம் டாக்டர் கிடையாது.

மத்த ஊர்ல எப்படி?

நம்ம ஊரை மட்டும் திட்டறதுக்கு முன்னாடி வெளியேயும் எட்டிப் பார்த்தேன். 

ஜெர்மனியில 1951ல் இருந்தே வண்டிகளுக்குக் கட்டாய ஆய்வு. மோட்டார்சைக்கிளுக்கு 2 வருஷத்துக்கு ஒரு தடவை. ஆனா 45 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள போற 50 சிசி மொபெட்டுக்கு விலக்கு!

பிரிட்டன்ல 1960ல் ஆரம்பிச்சாங்க. 10 வருஷம் ஆன வண்டிக்கு பிரேக், லைட், ஸ்டியரிங் மூணு மட்டும். ஃபெயில் ஆன வண்டிங்க எண்ணிக்கையைப் பார்த்து மிரண்டு போய், 1961லயே 10 வருஷத்தை 7 ஆக்கினாங்க. 1967ல் 3 ஆக்கினாங்க. அங்கே மொபெட்டும் சேர்த்தி. அதோட, எந்த மாடல் எதுல ஃபெயில் ஆச்சுன்னு ரிசல்ட்டையும் பொதுவுல வச்சிடறாங்க. மோட்டார்சைக்கிள்ல அதிகமா மாட்டறது எது தெரியுமா? லைட்டு. எங்க தெரு முக்குப் பட்டறை பட்டியலும் லண்டன் பட்டியலும் ஒண்ணாத்தான் இருக்கு.

ஜப்பான்ல ஆய்வு ரொம்பக் கறார்னு பேரு. ஆனா 250 சிசி வரைக்கும் உள்ள மோட்டார்சைக்கிளுக்கு அது கிடையாது. ஐரோப்பிய யூனியன் 2022 ஜனவரியில இருந்து மோட்டார்சைக்கிளுக்கு ஆய்வு வேணும்னு சொன்னப்போ 125 சிசிக்கு மேலன்னு கோடு போட்டுச்சு, அதுலயும் நாடுகளுக்கு விலக்கு உண்டு. பிரான்ஸ்ல பைக் ஓட்டுறவங்க தெருவுல இறங்கிப் போராடி, கோர்ட்டு வரைக்கும் போய், கடைசியில 2024 ஏப்ரல் 15ல் இருந்து 50 சிசி வண்டி உட்பட எல்லாத்துக்கும் வந்துடுச்சு.

ஆக, உலகம் பூரா ஒரே நினைப்பு. வண்டி சின்னது, ஆபத்தும் சின்னது. ஜப்பான்லயும் ஜெர்மனியிலயும் அந்த நினைப்பு ஓரளவு சரியாக்கூட இருக்கலாம், ஏன்னா அங்கே சின்ன வண்டி காய்கறி வாங்கப் போற வண்டி. இங்கே அது பொழைப்பு. 2022ல் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். மத்திய அரசு கணக்கு. அதுல 44.5 சதவீதம் பேர் ரெண்டு சக்கர வண்டியில போனவங்க. 

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். அதே அறிக்கை பெரும்பாலான விபத்துக்குக் காரணமா சொல்றது வேகத்தைத்தான், வண்டிக் கோளாறை இல்லை. ஹெல்மெட், ரோடு, தண்ணி எல்லாம் பெரிய காரணங்கள்தான். ஆனா விபத்து நடந்த இடத்துல நொறுங்கிக் கிடக்கிற மொபெட்டோட பிரேக் ஷூவை யாரு கழட்டிப் பார்த்து எழுதறா? "வேகமாக வந்ததால் கட்டுப்பாட்டை இழந்து"ன்னு பேப்பர்ல வரும். கட்டுப்பாடுங்கிறது மனசுல மட்டும் இல்லை சாமி, கேபிள்லயும் இருக்கு.

அப்போ வருஷா வருஷம் எஃப்.சி. வைக்கலாமா?

இங்கேதான் எனக்கே தயக்கம். மொபெட் ஓட்டுற ஆளை வருஷா வருஷம் ஒரு நாள் கூலியை விட்டுட்டு ஆபீஸ் வாசல்ல நில்லுன்னு சொல்ல மனசு வரலை. இப்பவே என்ன நடக்குதுன்னு பாருங்க. ரெண்டு சக்கர வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 300 ரூபாயா இருந்துச்சு. 2022 ஏப்ரல்ல இருந்து 1000. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2000ன்னு ஆக்கிட்டாங்க. இதுக்கு மேல பசுமை வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர் செலவு. பழைய மொபெட்டை வித்தா கிடைக்கிறதே சில ஆயிரம்தான். 

பழைய வண்டியைக் கழிச்சுக் கட்டணும்ங்கிறது சர்க்கார் எண்ணம். கார் விஷயத்துல அது சரியா வரலாம். மொபெட் விஷயத்துல நடக்கிறது வேற. வண்டியைக் கழிக்க மாட்டாங்க, பேப்பரைக் கழிச்சுடுவாங்க. ஆர்.சி. செத்த வண்டி மெயின் ரோட்டுக்கு வராம, ஊருக்குள்ள, தோட்டத்துப் பாதையில, விடிகாலையிலயும் ராத்திரியிலயும் ஓடும். அந்த வண்டியை எந்த இன்ஸ்பெக்டரும் இனிமே பார்க்கப் போறதில்லை. இன்சூரன்ஸும் இருக்காது. 2018 செப்டம்பர்ல இருந்து புது ரெண்டு சக்கர வண்டிக்கு 5 வருஷ மூணாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே வித்தாலும், பழைய வண்டிக்கு அது உதவாது. அந்த வண்டி ஒரு ஸ்கூல் பிள்ளை மேல மோதினா? நஷ்ட ஈடு குடுக்க ஓட்டினவர்கிட்ட என்ன இருக்கு? மோதினவரும் ஏழை, அடிபட்டதும் ஏழை.

இன்னொரு சிக்கல், பேரு. நம்ம பக்கம் எத்தனையோ வண்டி இன்னும் செத்துப்போன அப்பா பேர்லயே ஓடிக்கிட்டு இருக்கு. வாரிசுக்கு மாத்த படிவம் 31 இருக்கு, மூணு மாசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். துக்க வீட்ல யாருக்கு மொபெட் ஞாபகம் வரும்? ரின்யூவல் அன்னிக்குத்தான் தெரியும், வண்டி ஓனர் மேலோகத்துல இருக்கார்னு.

என் யோசனை சின்னது. கட்டணமும் பேப்பரும் இல்லாத பார்வை. ஏற்கெனவே 6 மாசத்துக்கு ஒரு தடவை புகைச் சான்றுக்கு அந்த மொபெட் ஒரு இடத்துல நின்னுதான் ஆகணும். அங்கேயே அஞ்சு நிமிஷம் கூட சேர்த்து முன் பிரேக், பின் பிரேக், கேபிள் முனை, பின் லைட், ஹேண்டில் ஆட்டம், சேலைத் தடுப்பு இந்த ஆறை மட்டும் ஒருத்தர் பார்த்து ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா போதும். பாஸ், ஃபெயில் வேண்டாம். அபராதம் வேண்டாம். "கேபிளை மாத்துங்க"ன்னு ஒரு வரி. 1939ல் போட்ட அந்தக் கோட்டை அழிக்க முடியாட்டியும், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற மனுஷரை நாம பார்த்தோம்னாவது ஆகும்.

அதுவரைக்கும் நாமளே பிரேக் இன்ஸ்பெக்டரா இருக்கலாம். உங்க வீட்டு வண்டியை இல்லை, அது உங்க கைக்குப் பழகினது. உங்க வண்டியைப் பக்கத்து வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லுங்க. அவரோட வண்டியை நீங்க தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பாருங்க. பழகாத கை சொல்றதை நம்புங்க.

பி.கு: சேசிஸ் நம்பர் இருக்கிற இடத்துல வருஷத்துக்கு ஒரு தடவை துடைச்சு கொஞ்சம் கிரீஸ் தடவி வைங்க. பட்டறைக்காரர் எனக்குச் சொன்ன ரகசியம். 15 வருஷம் கழிச்சு அவரை நினைச்சுக்குவீங்க.